நெல் விற்காமல் கிடக்கும்போது இடுப்பு வலி ஏன் கூடுகிறது?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 47. ஆறு வருடமாக இடுப்பு வலி, அப்புறம் முழங்காலும் சேர்ந்துகொண்டது. சொந்தமாக மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். மற்ற நாட்களில் நடவு, களை என்று கூலி வேலை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) விலகியிருக்கிறது என்றார்களாம். சாதாரண நாட்களில் சமாளித்துவிடுகிறார். ஆனால் அறுத்த நெல் டிபிசியில், அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், எடை போடாமல் கிடக்கும்போதும், குழுக் கடன் தவணை தள்ளிப்போகும்போதும், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்திலும் எழுந்து உட்கார முடியாத அளவுக்கு வலி கூடிவிடுகிறது. போகிற இடத்தில் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சொல்லி ஊசி போட்டு அனுப்புகிறார்கள். "அப்படியென்றால் வலி என் மனசில்தான் இருக்கிறதா? கஷ்டமான நேரத்தில் இதை எப்படிச் சமாளிப்பது? அடுத்த மாதம் சம்பா நடவுக்குப் போகலாமா?" என்பது அவர் கேள்வி.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல வருடமாக இயன்முறை மருத்துவம் பார்த்துவருகிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் தினமும் கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வலி உங்கள் மனசில் இல்லை. இடுப்பில்தான் இருக்கிறது. கவலையால் ஒரு வலி கூடுகிறது என்றால், அது கவலையால் உண்டான வலி என்று ஆகிவிடாது. தேள் கொட்டினாலும் அதை வலியாக உணர்வது மூளைதான். அதற்காக யாரும் அதை மனப்பிரமை என்று சொல்வதில்லை. நீங்கள் நடிக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், சொன்னவருக்கு வலியைப் பற்றித் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடம்பில் ஓரிடத்திலிருந்து நரம்பு வழியாகக் கிளம்பும் சேதி அப்படியே மூளைக்குப் போய்விடுவதில்லை, தண்டுவடத்தில் வாசல் மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது, அங்கே அந்தச் சேதி கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்றார்கள். நம் ஊர்க்காரர்களிடம் மதகு என்று சொன்னால் போதும். ஆற்றில் ஓடுகிற தண்ணீர் அதே அளவுதான். பலகையை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வாய்க்காலில் ஏறுகிறது. அந்தப் பலகையை ஏற்றவும் இறக்கவும் மூளையிலிருந்தும் உத்தரவு வருகிறது என்பது அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளில் தெளிவானது. நல்ல தூக்கம், உடம்பு அசைவு, ஒத்தடம், பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியம் எல்லாம் பலகையை இறக்கும். தூக்கம் கெடுவது, பயம், விடாத கவலை எல்லாம் தூக்கும். உங்கள் ஜவ்வு போன மாதம் இருந்தபடியேதான் இந்த மாதமும் இருக்கிறது. மாறியது பலகை.

இதில் பலரும் குழம்புகிற ஓர் இடம் உண்டு. நெருக்கடி வந்தால் சில நேரம் வலியே தெரியாமல் போகிறதே என்பார்கள். உண்மைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, வேதாரண்யம் பக்கம் ஓடு பறந்த வீட்டிலிருந்து வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஏற்கெனவே முதுகு வலி உள்ளவர்களும் இருந்திருப்பார்கள். அந்த நேரத்தில் உடம்பு வலியை அடக்கிவைக்கும். திடீர் ஆபத்தில் சுரக்கும் அட்ரினலினும், உடம்பே தயாரிக்கிற வலிநிவாரணிகளும் செய்கிற வேலை அது. ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்கிற வரைக்கும் வருமானம் எங்கே என்று வருடக்கணக்கில் நீளுகிற கவலை வேறு ஜாதி. அதே சுரப்பிகள் ஓய்வில்லாமல் வேலை செய்யும்போது தசைகள் இறுகியே இருக்கும், தூக்கம் மேலோட்டமாகும், நரம்புகள் சின்னச் சேதிக்கும் பெரிதாகப் பதில் சொல்லப் பழகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். காயத்துக்கும் வலிக்கும் இடையிலுள்ள கணக்கு அதில் மாறிவிடுகிறது. கவலை அந்தக் கணக்கில் கை வைக்கிறது.

டிபிசி வாசலில் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். குறுவை அறுத்துக் கொட்டியாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்கிறார்கள். வானம் கறுக்கிறது. படுதாவை இழுத்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு, குவியல் ஓரமாகவே சாக்கை விரித்து ஒருவர் படுக்கிறார். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் தூக்கியபடி இருக்கின்றன, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டுமே அவருக்குத் தெரியாது. இரவெல்லாம் டீ. தூறல் விழுந்தால் எழுந்து ஓட வேண்டும் என்பதால் அரைத் தூக்கம். காலையில் நெல்லைக் கிளறிவிடக் குனிகிறார், இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "நேற்று ஒன்றும் கனமாகத் தூக்கவில்லையே" என்று என்னிடம் சொல்வார். தூக்கவில்லைதான். ஆனால் இறுகிய தசை, கெட்ட தூக்கம், நடமாட்டமே இல்லாத ஒரு நாள், மழையைப் பற்றிய பயம் என நான்கும் சேர்ந்தால் 40 கிலோ சிப்பத்தைத் தூக்கியதற்குச் சமம்தான்.

உங்கள் ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. "ஜவ்வு விலகல்" என்று காதில் விழுந்த நாளிலிருந்தே பயமும் சேர்ந்திருக்கும். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை. இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். தலை நரைப்பது மாதிரிதான் இதுவும் வயதோடு வருகிறது. ஆகவே குனிந்தால் ஜவ்வு வெளியே வந்துவிடும், நடந்தால் தேய்ந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள். அந்தப் பயம் உங்களை அசையவிடாமல் செய்கிறது, அசையாமல் இருப்பது வலியைக் கூட்டுகிறது.

"டென்ஷன் ஆகாதீங்க" என்பதை நான் ஒரு வைத்தியமாகவே கருதுவதில்லை. தண்ணீர் வருமா வராதா என்று தெரியாதவரிடம், கடன்காரர் வாசலில் நிற்கிறவரிடம், அதைச் சொல்லி என்ன பயன்? கவலைப்படக் காரணம் இருக்கிறது, கவலைப்படுகிறீர்கள். கவலையை நிறுத்துவது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். அது எப்போது வரும் என்பது மட்டும் பெரும்பாலும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

நம் டெல்டாவில் கஷ்டம் காலண்டர் பார்த்து வருகிறது. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2024 மாதிரி ஜூலை கடைசி வரை இழுத்தால் குறுவை போயிற்று. அதே ஜூனில் பள்ளிக்கூடம், கல்லூரிக் கட்டணம். ஆடியில் பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வரும், நடுவில் தீபாவளி. கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் தேங்குமா, புயல் வருமா என்ற பயம். தையில் அறுப்பு, டிபிசி, நகைக்கடன் வட்டி. உங்கள் வலி கூடிய மாதங்களை நினைவுபடுத்திப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மாதங்களாகவே இருக்கும். அப்படியென்றால் வலி கூடுகிற நாட்களுக்கு, வலி குறைவாக இருக்கிற நாட்களிலேயே ஏற்பாடு செய்துவைக்கலாம். வலி ஏறிய பிறகு யோசிக்கத் தெம்பு இருக்காது. அப்போது எடுக்கிற முடிவு இரண்டே இரண்டுதான்: ஊசி, இல்லாவிட்டால் படுக்கை. இரண்டுமே நீண்ட நாளைக்கு உதவாது.

நீங்கள் கேட்ட கஷ்டமான மாதம் இதோ வந்துகொண்டிருக்கிறது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். வலி கூடினால் எந்த வேலையை முதலில் விடுவது, அதை யார் செய்வது, எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, யாருக்குப் போன் போடுவது என்று எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் படித்துக்காட்டுங்கள். "மாவு ஆட்டுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் பையன்" என்று நல்ல நாளிலேயே பேசிவைத்தால், வலிக்கிற நாளில் கெஞ்ச வேண்டியதில்லை. கெஞ்சுவதும் ஒரு பாரம்தானே.

வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பெண்கள் தவறுகிற இடம் அதுதான். வலி குறைந்த நாளில் விட்ட வேலையையெல்லாம் ஒரே நாளில் செய்து முடிப்பார்கள். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டார்கள். மறுபடி கொஞ்சம் தேறியதும் அதே கதை. கவலையான காலத்தில் இது இன்னும் மோசமாகும், வேலையில் மூழ்கினால் கவலை மறக்கும் என்று கைகள் ஓயாது. வலி வருகிற வரைக்கும் செய்வது என்ற பழக்கத்தை விட்டு, நேரம் பார்த்து நிறுத்துகிற பழக்கத்துக்கு மாறுங்கள். குனிந்து களை எடுத்தால் நாற்பது நிமிடத்தில் இடுப்பு முணுமுணுக்க ஆரம்பிக்கிறது என்றால், முப்பதாவது நிமிடத்திலேயே நிமிருங்கள். வலி இல்லாவிட்டாலும் நிமிருங்கள். வரப்பில் ஏறி இரண்டு மூன்று நிமிடம் நடந்து, இடுப்பில் கை வைத்துப் பின்பக்கமாக மெதுவாக ஐந்தாறு தடவை வளைந்துவிட்டு மறுபடி இறங்குங்கள். என்னிடம் வருகிற ஒரு அம்மா, செல்போனை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு அலாரம் வைத்துக்கொள்கிறார். அது அடித்தால் கூட நிற்கிறவர்களும் நிமிர்ந்துவிடுகிறார்கள். இப்போது அந்தக் கூட்டத்துக்கே அது வழக்கமாகிவிட்டது.

நடவில் மட்டும் இது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். வரிசையில் ஒருவர் நின்றால் மொத்த வரிசையும் நிற்கும், பேச்சு வரும். அதனால் முன்னாடியே கூட்டத்தலைவியிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வரப்போர வரிசையைக் கேட்டு வாங்குங்கள், நிமிர்ந்து ஓரம் கட்டுவது சுலபம். இடையிடையே நாற்று முடி எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். கனமான வேலைதான், ஆனால் நடந்து செய்கிற வேலை, குனிந்தபடியே நிற்பதில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் இடுப்புக்கு ஆகாதது. குனிவது தப்பில்லை.

சரி, வலி நன்றாக ஏறிவிட்ட நாளில்? முழுக்கப் படுத்துவிடாதீர்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் படுக்கையில் கிடந்தால் தசை தளரும், கவலைக்கும் அதுதான் வசதியான இடம். தினமும் இருபது நிமிடம் நடக்கிறவர் என்றால் அன்றைக்குப் பத்து நிமிடம் நடங்கள், முடியாவிட்டால் ஐந்து. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதைப் பத்துத் தடவை செய்கிறவர் நான்கு தடவை செய்யுங்கள். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுத்து விடுங்கள், இரண்டு முழங்காலையும் மடக்கி இடமும் வலமும் சாய்த்து விடுங்கள். பாதியாகக் குறைக்கலாம், பூஜ்யமாக்க வேண்டாம். உடற்பயிற்சிக்கு அன்றைய வலியைக் குறைக்கிற வேலை மட்டும் இல்லை. அடுத்த வாரம் எவ்வளவு சீக்கிரம் தேறுகிறீர்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

தூக்கத்தை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள், நான் முதலில் வைப்பேன். வலியால் தூக்கம் கெடுவதைவிட, தூக்கம் கெட்டதால் மறுநாள் வலி கூடுவதுதான் பலமாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாயந்திரம் நான்கு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு இளகும். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் வையுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில்தான் படுக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. உங்களுக்கு எதில் தூக்கம் வருகிறதோ அதில் படுங்கள். நெல்லுக்குக் காவல் போவதென்றால் வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போங்கள். தொடர்ந்து மூன்று இரவு ஒரே ஆள் போகக் கூடாது.

கடன், கட்டணம் என்று கணக்குகள் மண்டைக்குள் ஓடுகிற இரவில், அவற்றைத் தாளில் எழுதிவிடுங்கள். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதி என்று. பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆனால் மறந்துவிடக் கூடாதே என்று மூளை அதையே சுற்றிச்சுற்றி வருவது குறையும்.

மூச்சுப் பயிற்சியைப் பலர் சாமியார் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அதை நரம்புகளுக்கான வேலையாகத்தான் சொல்லித்தருகிறேன். நான்கு எண்ணுகிற வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணுகிற வரை மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும், ஐந்து நிமிடம் போதும். இதயத் துடிப்பு தணியும், தாடையும் தோளும் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாகச் செய்து பார்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் தினமும் பழகிவையுங்கள். தவணை வசூலுக்கு ஆள் வருகிற நாளன்று, வருவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம், உப்பு ஒத்தடம், நொச்சி இலை போட்ட வெந்நீர், நல்லெண்ணெய் தேய்ப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சூடு தசையை இளக்கும், தொடுகிற கை ஆறுதல் தரும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் காலில் ஒத்தடம் கொடுக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள், சுட்டாலும் தெரியாது. இடுப்பு பெல்ட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், பெல்ட் போடுவதையும் டிராக்ஷன் என்கிற இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரியவைப்பது, மனநல ஆலோசனை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து டிராக்‌ஷனுக்குப் போவதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். கஷ்ட காலத்தில் வாரத்துக்கு ஒரு ஊசி என்பது நம் பக்கம் சர்வசாதாரணமாக நடக்கிறது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக், சில இடங்களில் அதோடு ஸ்டீராய்டும் சேர்க்கிறார்கள். இரண்டு நாள் பறந்துபோன மாதிரி இருக்கும். டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் வயிற்றில் புண் உண்டாக்கலாம், ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வெயிலில் நாள் முழுக்க வேலை, குடிக்கிற தண்ணீர் குறைவு, அதோடு பிபி மாத்திரை என்று இருப்பவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என்ன ஊசி போடுகிறீர்கள் என்று கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. மெடிக்கலில் "வலிக்கு ஒரு செட்" என்று வாங்கும் மாத்திரைகளும் இதே கதைதான். வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிபி, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை எல்லாம் பார்த்து ஒரு மருத்துவர் குறைந்த நாட்களுக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட வலிக்குச் சில நேரம் அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்தை ராத்திரிக்குக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய் மாத்திரை" என்று சொல்ல, பயந்துபோய் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், வலிச் சேதியைத் தணிக்கவும் தூக்கத்துக்காகவும் கொடுப்பது அது. வாய் வறட்சி, காலையில் மந்தம் இருக்கலாம். சரிப்படவில்லை என்றால் கொடுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பின் பக்கம். கவலைக்குக் காரணமான பாரத்தை ஒரு கைப்பிடி குறைத்தாலும் அது வைத்தியம்தான். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தாண்டிய பிறகு ஒளிவதைவிட முன்னாடியே குழுவில் சொல்லிவிடுங்கள். சிறுகடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது, மிரட்டவோ தகாத வார்த்தை பேசவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி போட்டிருக்கிறது. இதை என்னிடம் வருகிற பெண்களுக்குச் சொல்லிவருகிறேன். ஆறு மணிக்கு மேல் போன் அடிக்காது என்ற நிம்மதியே ராத்திரித் தூக்கத்தைக் காப்பாற்றும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று. "இன்னும் வலிக்குதா?" என்று நாளெல்லாம் கேட்காதீர்கள், அது வலியையே நினைக்க வைக்கும். "எப்பப் பார்த்தாலும் வலி வலின்னு" என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். "இன்னைக்கு எந்த வேலையை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால், அந்தப் பயத்துக்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. அடிபடுகிற உடம்பில் வலி எப்படிக் குறையும்? 181 பெண்களுக்கான இலவச உதவி எண். கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல், அழுகையாகவே வந்து, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கும், ஒன்றுக்குச் சிகிச்சை எடுத்தால் இன்னொன்றும் இறங்கும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடக்க முடியாத அளவுக்கு இருக்கிறவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதைப் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எல்லா வலியையும் கவலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. இரண்டு காலும் பலமிழப்பது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது அல்லது வராமலே போவது, உட்காருமிடம் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி என்றால் தள்ளிப்போடாமல் பாருங்கள். முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் இன்னும் வருகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இறுகியிருந்து வீங்கவும் செய்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, சீக்கிரம் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம்.

சம்பா நடவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் போங்கள். கூலி நின்றுபோனால் வருகிற கவலையும் உங்கள் இடுப்புக்கு நல்லதில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் தொடர்ந்து ஆறு நாள் ஒத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போங்கள், அடுத்த வாரம் உடம்பைப் பார்த்து ஒரு நாள் கூட்டுங்கள். நடவு ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற இந்த மூன்று நான்கு வாரத்தில் தினமும் நடந்தும், நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தும் கால்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். குறுவை நெல் டிபிசிக்குப் போகிற நாளும் நடவு நாளும் ஒரே வாரத்தில் விழுந்தால், காவலுக்குப் பையனை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் தூங்குங்கள்.